புள்ளலூரின் இரண்டு தூண்கள்

காஞ்சிபுரம் மாவட்டத்துப் புள்ளலூரில், வயலும் ஏரியுமாக விரிந்த சமவெளியில், ஆங்கிலேயர் எழுப்பிய இரண்டு நினைவுத் தூண்கள் நிற்கின்றன. ஒன்று கேப்டன் ஜேம்ஸ் ஹிஸ்லாப்புக்கு. மற்றது லெப்டினன்ட் கர்னல் ஜார்ஜ் பிரவுனுக்கு. இருவரும் 1781 ஆகஸ்ட் 27 அன்று இங்கே நடந்த சண்டைக்குப் பலியானவர்கள். ஆனால் புள்ளலூரைத் தேடி வருபவர்கள் பெரும்பாலும் அந்தச் சண்டையைத் தேடி வருவதில்லை. அதற்கு ஓராண்டுக்கு முன், 1780 செப்டம்பர் 10 அன்று, கர்னல் வில்லியம் பெய்லியின் படையை மைசூரின் ஹைதர் அலியும் அவர் மகன் திப்புவும் இதே வட்டாரத்தில் அடியோடு அழித்தார்கள். அதுவரை இந்தியாவில் ஆங்கிலேயர் வாங்கிய அடிகளில் இதுவே பெரியது என்று அந்தத் தலைமுறையைச் சேர்ந்த கிழக்கிந்தியக் கும்பெனி அதிகாரிகளே எழுதினார்கள். அந்தப் போருக்குத் தூண் இல்லை. இன்னும் பின்னோக்கிப் போனால், 7-ம் நூற்றாண்டில் மகேந்திரவர்ம பல்லவன் தன் எதிரிகளை முறியடித்ததாகச் செப்பேடு சொல்லும் ஊரும் இதுவே. அதற்கும் இங்கே கல் கிடையாது. மூன்று போர்கள் நடந்த ஊரில், மூன்றிலும் குறைவாகப் பேசப்படும் ஒன்றுக்கு மட்டும் நினைவுச்சின்னம் இருக்கிறது. இதைத் தற்செயல் என்று ஒதுக்கிவிட முடியாது. போர்க்களத்தில் நிற்கும் கல், அங்கே நடந்தவற்றில் பெரியது எது என்று எடைபோட்டு நிற்பதில்லை. சண்டை முடிந்து பல ஆண்டுகள் கழித்து அந்த மண் யார் கையில் இருந்தது, அவர்கள் யாருக்காக அழுதார்கள் என்பதைத்தான் அது சொல்கிறது. புள்ளலூரை அப்படித்தான் படிக்க வேண்டும் என்பது என் வாதம்.

ஒரே ஊரில் ஏன் மூன்று போர்? இதற்கு மாயமான காரணம் ஏதும் தேவையில்லை. வடக்கிலிருந்து காஞ்சிக்கு இறங்கும் படை கொசஸ்தலையாற்றைக் கடந்து, ஏரிகளும் கால்வாய்களும் குறுக்கிடும் இந்தச் சமவெளி வழியாகத்தான் வரவேண்டும். காஞ்சியில் இருப்பவன் கோட்டைக்கு வெளியே வந்து எதிரியை மறிக்க நினைத்தால் அவனுக்கும் இதுவே தோதான இடம். ஏரிக்கரை உயரமான மண் அரண். அதன் பின்னால் பீரங்கியை மறைக்கலாம், ஆளை மறைக்கலாம். மறுபுறம், கரைக்கும் வயலுக்கும் நடுவே ஒற்றைச் சாலையில் மாட்டிக்கொள்கிற படைக்கு விலக இடமில்லை. தொண்டை மண்டலத்து விவசாயி தண்ணீருக்காக எழுப்பிய கரைகள் படைத்தலைவர்களுக்கு ஆயிரத்து நூறு ஆண்டு இடைவெளியில் மறுபடி மறுபடி பயன்பட்டன.

முதல் போரைப் பற்றி நமக்கு இருக்கும் சாட்சிகள் இரண்டு. இரண்டும் புள்ளலூரில் இல்லை. ஒன்று காசாக்குடிச் செப்பேடு. காரைக்கால் அருகே 1879-ல் கிடைத்தது. இரண்டாம் நந்திவர்மனின் 22-ம் ஆட்சியாண்டில், அதாவது 8-ம் நூற்றாண்டின் நடுவில் வெட்டப்பட்டது. ஒரு பிராமணருக்கு ஊர் ஒன்றைத் தானமாகக் கொடுத்து, அதற்கு ஏகதீரமங்கலம் என்று புதுப்பெயர் சூட்டிய ஆவணம் அது. தானத்துக்கு முன்னுரையாக வரும் வம்சப் புகழில், மகேந்திரவர்மன் புள்ளலூரில் தன் முக்கியமான பகைவரை அழித்தான் என்று ஒரு வரி வருகிறது. பகைவர் யார் என்று செப்பேடு சொல்லவில்லை. மற்ற சாட்சி எதிர்த்தரப்பினுடையது. வடகர்நாடகத்து ஐஹொளெயில், மேகுடி சமணக் கோயில் சுவரில், ரவிகீர்த்தி என்ற புலவர் சக ஆண்டு 556-ல் (கி.பி. 634-35) பொறித்த, சாளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசியின் புகழ்மாலை. தன்னைக் காளிதாசனுக்கும் பாரவிக்கும் நிகராகச் சொல்லிக்கொள்ளத் தயங்காத புலவர் அவர். புலிகேசியின் படை கிளப்பிய தூசியில் பல்லவன் ஒளி மங்கிக் காஞ்சி மதிலுக்குப் பின்னால் ஒளிந்தான் என்பது அவர் கணக்கு.

இந்த இரண்டையும் சேர்த்துப் படித்துத்தான் புலிகேசியும் மகேந்திரவர்மனும் புள்ளலூரில் மோதினார்கள் என்று பாடநூல்கள் எழுதுகின்றன. ஊகம் நியாயமானதுதான். சாளுக்கியன் காஞ்சி வரை வந்தான், தலைநகரைப் பிடிக்க முடியவில்லை, வாசலுக்கு அருகே நடந்த ஒரு சண்டையில் பல்லவன் தாக்குப்பிடித்தான் என்று கொண்டால் இரு தரப்பும் பொய் சொன்னதாக வைக்க வேண்டியதில்லை. மதிலுக்குள் ஒதுங்கியதும் உண்மை, மதிலுக்கு வெளியே அடித்ததும் உண்மை. ஆனால் கவனிக்க வேண்டியது ஒன்று. ரவிகீர்த்தி எழுதியது தன் அரசன் உயிரோடிருக்கும்போது, வெற்றிச் சூடு ஆறுவதற்குள். பல்லவர் தரப்பில் அந்த வரி நம் கைக்குக் கிடைப்பதோ நூறாண்டுக்கும் மேல் கழித்து, வேறு கிளையிலிருந்து வந்து அரியணை ஏறிய ஒருவனின் தானப் பத்திரத்தில். நந்திவர்மனுக்கு முன்னோர் பெருமை அவசரமாகத் தேவைப்பட்டது; தன் உரிமையை நிறுவ மகேந்திரனின் வெற்றியும் ஒரு சான்றானது. புள்ளலூரின் பெயர் பிழைத்தது அந்தத் தேவையால்தான்.

1780-க்கு வருவோம். அந்த ஜூலையில் ஹைதர் எண்பது, தொண்ணூறாயிரம் பேர் கொண்டதாக மதிப்பிடப்படும் படையோடு மலையிறங்கி ஆர்க்காட்டு நவாபின் கர்நாடகத்துக்குள் புகுந்தார். பரங்கிமலையிலிருந்து பார்த்தால் ஊர்கள் எரியும் புகை தெரிந்தது. சென்னையில் படைத்தலைவர் சர் ஹெக்டர் மன்றோ. சென்னைத் தீவுத்திடல் அருகே குதிரைமேல் உட்கார்ந்திருக்கும் தாமஸ் மன்றோ வேறு ஆள். அவரும் அந்த ஆண்டுதான் சென்னையில் வந்திறங்கி, இளம் கேடட்டாக இதே படையில் இருந்தார். ஹெக்டர் மன்றோ 1764-ல் பக்சார் போரை வென்றவர். அந்தப் பெயரே அவருக்குப் போதுமான கவசமாக இருந்தது. குண்டூரிலிருந்து இறங்கும் பெய்லியைச் சென்னைக்கு வரவழைத்துச் சேர்ந்து போவதை விட்டு, இருவரும் தனித்தனியே போய்க் காஞ்சியில் சேர்வதென்று ஏற்பாடு. ஹைதர் நடுவில் இருக்கிறார் என்பது தெரிந்தே போட்ட திட்டம் அது.

ஆகஸ்ட் 25 அன்று பெய்லி கொசஸ்தலையாற்றின் வடகரையை அடைந்தார். அன்று மாலை இறங்கிக் கடக்கும் அளவில்தான் தண்ணீர் இருந்தது. காலையில் கடக்கலாம் என்று முகாம் போட்டார். இரவில் வெள்ளம் வந்தது. ஒன்பது நாள், பத்து நாள் அவரால் அக்கரை போக முடியவில்லை. ஆற்றோரம் வாழ்பவர் எவரைக் கேட்டிருந்தாலும், ஆவணி மழைக்காலத்தில் இன்று இறங்க முடிகிற ஆற்றை நாளைக்கு என்று வைக்காதீர்கள் என்று சொல்லியிருப்பார்கள். செப்டம்பர் தொடக்கத்தில் ஒருவழியாகக் கடந்து, 6-ம் தேதி பேரம்பாக்கத்தில் திப்புவோடு மோதினார். தாக்குப்பிடித்தார், ஆனால் மேலே நகரத் தெம்பில்லை. மன்றோவுக்கு ஆள் அனுப்பினார். காஞ்சி அங்கிருந்து பதினான்கு, பதினைந்து மைல். மன்றோ வரவில்லை. படைக்குச் சேர்த்த அரிசி காஞ்சிக் கோயிலுக்குள் கிடந்தது. அதை விட்டுப் போக அவருக்கு மனமில்லை. கர்னல் பிளெட்சர் தலைமையில் ஆயிரம் பேரை அனுப்பினார். அவர்கள் ஹைதரின் கண்ணில் படாமல் வழிமாறி நடந்து 9-ம் தேதி பெய்லியோடு சேர்ந்தார்கள். மொத்தம் நாலாயிரத்துக்குச் சற்றுக் குறைவு. அன்றிரவு புறப்பட்டார்கள், பாதி வழியில் பெய்லி நிறுத்தினார், விடியட்டும் என்று. ஆற்றங்கரையில் செய்த அதே காரியம். விடிந்தபோது மைசூர்ப் படை முழுவதும் அவரைச் சூழ்ந்திருந்தது. சதுரமாக வகுத்து நின்ற படை குதிரைப்படையின் தாக்குதல்களைத் திரும்பத் திரும்பத் தடுத்தது. நடுவில் இருந்த வெடிமருந்து வண்டிகள் தீப்பிடித்து வெடித்ததும் அணி கலைந்தது. பிளெட்சர் மாண்டார். பெய்லி சரணடைந்தார். பீரங்கிச் சத்தம் காஞ்சி வரை கேட்டது. மன்றோ முடிவு தெரிந்ததும் கனமான பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கல்பட்டு வழியாகச் சென்னைக்குப் பின்வாங்கினார்.

அந்த வண்டிகள் வெடித்ததற்கு மைசூரின் இரும்புக்குழாய் ராக்கெட்டே காரணம் என்பது இன்று பரவலாகச் சொல்லப்படும் கதை. மைசூர்ப் படையிடம் ராக்கெட் பிரிவு இருந்தது, அது இந்தப் போரில் பங்கெடுத்தது, இதில் சந்தேகமில்லை. ஆனால் வண்டியைத் தாக்கியது பீரங்கிக் குண்டு என்று சொல்லும் பழைய விவரிப்புகளும் உண்டு, விபத்து என்பவையும் உண்டு. நாலாபுறமும் புகை சூழ்ந்த இடத்தில் எந்தத் தீப்பொறி எங்கிருந்து வந்தது என்று பார்த்துச் சொல்லும் நிலையில் யாரும் இருந்திருக்க முடியாது. ராக்கெட் கதை வலுப்பெற்றதற்குக் காரணம் 20-ம் நூற்றாண்டு இந்தியாவுக்கு அது பிடித்துப்போனதுதான். விண்வெளிக்குக் கலம் அனுப்பும் நாட்டுக்கு ஏற்ற முன்னோர் கதை. நந்திவர்மனுக்கு மகேந்திரன் தேவைப்பட்ட மாதிரி நமக்குத் திப்புவின் ராக்கெட் தேவைப்படுகிறது. அதில் அவமானம் ஒன்றும் இல்லை. ஆனால் களத்தைப் பார்க்கப் போகிறவர் தன் மனதில் என்ன எடுத்துக்கொண்டு போகிறார் என்று தெரிந்து போவது நல்லது.

வென்றவர் இந்த வெற்றியை எங்கே நிறுத்திவைத்தார்? புள்ளலூரில் இல்லை, ஸ்ரீரங்கப்பட்டணத்தில். 1784-ல் கட்டி முடிந்த தரியா தௌலத் கோடை மாளிகையின் மேற்குச் சுவரில் இந்தப் போர் தீட்டப்பட்டிருக்கிறது. நெருங்கி நின்று பார்த்தால் ஓவியன் எதை ரசித்து வரைந்தான் என்பது தெரியும். சிவப்புச் சட்டைக்காரர்கள் சதுரத்துக்குள் ஒருவர்போல் ஒருவராக, மீசையில்லா முகங்களோடு அடுக்கப்பட்டிருக்கிறார்கள். மைசூர்க்காரர்களுக்கு முறுக்கிய மீசை, பாயும் குதிரை, ஓங்கிய வாள். சதுரத்தின் நடுவே வெடிமருந்து வண்டி வெடிக்கிறது. கீழே பல்லக்கில் பெய்லி விரலைக் கடித்துக்கொண்டிருக்கிறார். ஹைதருக்குத் துணைநின்ற பிரெஞ்சுத் தளபதி லாலி கையில் தூரநோக்கி. உதவிக்கு வருவதாகச் சொல்லி வந்து சேராத ஹைதராபாத் நிஜாமைக் கேலி செய்யப் பசுவும் காட்டுப்பன்றியும். இது அரண்மனை விருந்தினர்களுக்காக, மற்ற அரசுகளின் தூதர்களுக்காக வரையப்பட்ட படம். புள்ளலூர்க்காரர் பார்க்க வேண்டும் என்று யாரும் நினைக்கவில்லை.

அந்தப் படத்தின் பிற்பாட்டுக் கதையும் இந்த வாதத்துக்கு உதவுகிறது. ஆங்கிலேயத் தளபதி கார்ன்வாலிஸ் படையெடுத்து வந்த நாட்களில் அதன்மேல் சுண்ணாம்பு பூசச் சொன்னார் திப்பு என்பார்கள். 1799-ல் திப்பு விழுந்த பின் அந்த மாளிகையில் குடியேறிய ஆர்தர் வெல்லெஸ்லி, பிற்காலத்தில் வாட்டர்லூவில் நெப்போலியனை வென்றவர், ஓவியத்தை மீண்டும் தீட்டவைத்தார். மறுபடி மங்கியது, 1850-களில் வந்து பார்த்த டல்ஹௌசி பிரபு அதைச் சீராக்க உத்தரவிட்டார். ஆக, ஆங்கிலேயரின் தோல்வியைக் கொண்டாடும் படம் ஆங்கிலேயர் தயவில் பிழைத்திருக்கிறது. இதைப் பெருந்தன்மை என்று சிலர் எழுதுவதுண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. திப்பு இறந்து, அவர் பிள்ளைகள் நாடுகடத்தப்பட்ட பிறகு அந்தப் படத்தில் ஆபத்து ஏதுமில்லை. வேட்டையாடிய புலியின் தோலைச் சுவரில் மாட்டுபவன் புலியின் வீரத்தைக் குறைத்துச் சொல்லமாட்டான்.

தோற்றவர்களின் நினைவுகளும் புள்ளலூரை விட்டு வெளியேதான் குடியேறின. பெய்லி 1782 நவம்பரில் ஸ்ரீரங்கப்பட்டணத்துச் சிறையிலேயே இறந்தார். அவருக்கு நினைவுமண்டபம் எழுந்தது 1816-ல், அதே ஊரில்; எழுப்பியவர் லக்னோவில் கும்பெனி ரெசிடென்ட்டாக இருந்த அவர் உறவினர் ஜான் பெய்லி. புள்ளலூரில் காயத்தோடு பிடிபட்டு மூன்றரை ஆண்டு விலங்கில் கிடந்த டேவிட் பேர்ட், 1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணக் கோட்டை மீது பாய்ந்த படைக்குத் தலைமை தாங்கினார். ஆங்கிலேயர் மனதில் 1780-க்குச் சரியான நினைவுச்சின்னம் அந்தத் தாக்குதல்தான். ஹெக்டர் மன்றோவின் கதை இன்னும் விசித்திரம். 1781 நவம்பரில் டச்சுக்காரரிடமிருந்து நாகப்பட்டினத்தைப் பிடித்தார். ஊர் திரும்பி, வடஸ்காட்லாந்தில் தன் பண்ணைக்கு மேலிருந்த குன்றின் உச்சியில், நாகப்பட்டினத்துக் கோட்டை வாயிலின் சாயலில் கல் வளைவு ஒன்றைக் கட்டினார். வேலையற்றிருந்த உள்ளூர்க்காரர்களுக்குக் கூலி கிடைக்கட்டும் என்று கட்டினார் என்பார்கள். ஃபைரிஷ் என்ற அந்தக் குன்றுக்கு இன்றும் ஆட்கள் ஏறிப் போகிறார்கள். காஞ்சியில் அரிசியைக் காத்துக்கொண்டு நின்ற தளபதிக்கு மலை உச்சியில் வெற்றி வளைவு. அவர் காப்பாற்றப் போகாத படை அழிந்த இடத்தில் ஒரு கல்லும் இல்லை.

இப்போது அந்த இரண்டு தூண்களும் எப்படி வந்தன என்பது புரியும். தோல்வியைச் சரிக்கட்ட வங்காளத்திலிருந்து அனுப்பப்பட்ட சர் அயர் கூட், 1781 ஜூலை 1 அன்று பரங்கிப்பேட்டையில் ஹைதரைத் தோற்கடித்தார். ஆகஸ்ட் 27 அன்று புள்ளலூரில் மறுபடி மோதல். போன ஆண்டு ராசியாக இருந்த இடம் என்று ஹைதர் அங்கேயே காத்திருந்தார் என்று சொல்வதுண்டு. ராசியோ இல்லையோ, ஏரிக்கரைகளும் கால்வாய்களும் அவர் பீரங்கிகளுக்கு வாகாக இருந்தன என்பதே போதுமான காரணம். நாள் முழுக்கச் சண்டை. ஒரே பீரங்கிக் குண்டு ஜெனரல் ஸ்டுவர்ட்டின் காலையும் கர்னல் பிரவுனின் காலையும் பறித்தது. ஸ்டுவர்ட் பிழைத்தார்; பிரவுன் பிழைக்கவில்லை. மாலையில் களம் கூட்டின் கையில் இருந்தது, ஆனால் ஹைதர் தன் பீரங்கிகளைப் பத்திரமாக ஓட்டிக்கொண்டு போய்விட்டார். இரு தரப்பும் வெற்றி என்று சொல்லிக்கொள்ளக்கூடிய சண்டை அது. இருந்தும் அதற்குக் கல் எழும்பியது ஏனென்றால், தம்மவர் செத்த இடத்தில், களம் தம் கையில் இருக்கும்போதே, அவர்களைப் புதைத்துப் பெயர் பொறிக்க ஆங்கிலேயருக்கு வாய்த்த புள்ளலூர் இது ஒன்றுதான். 1780-ல் செத்தவர்களைப் புதைக்க அவர்கள் தரப்பில் அங்கே யாரும் மிஞ்சவில்லை.

இதற்கு முதல் மறுப்பு எளிதாக எழும். இவை வெறும் துக்கக் கற்கள். நண்பர்களும் சகாக்களும் இறந்தவருக்கு வைத்தவை. இதில் அதிகாரத்தைத் தேடுவது அதிகப்பிரசங்கித்தனம் என்று. பாதி சரி. அந்தத் தூண்கள் வெற்றி முழக்கம் செய்வதில்லை, தனி ஆள் இருவரை நினைக்கின்றன. அந்த வகையில் தரியா தௌலத் ஓவியத்தையும் ஃபைரிஷ் வளைவையும் விட நேர்மையானவை. ஆனால் துக்கத்துக்கும் வரிசை உண்டு. 1780 போரின் கணக்கைப் பாருங்கள்: பெய்லியோடு இருந்த அதிகாரிகள் 86 பேர், 36 பேர் மாண்டார்கள், 34 பேர் காயத்தோடு பிடிபட்டார்கள், 16 பேர் காயமின்றிப் பிடிபட்டார்கள். ஆள் ஆளாக எண்ணியிருக்கிறார்கள், கூட்டினால் கச்சிதமாக வருகிறது. வெள்ளைக்காரச் சிப்பாய்களில் சுமார் இருநூறு பேர் சிறைப்பட்டதாகச் சொல்லும்போது கணக்கு உருண்டையாகிறது. படையில் பெரும்பகுதியாக இருந்த தமிழ், தெலுங்குச் சிப்பாய்களுக்கு வரும்போது அது மதிப்பீடு. ஆயிரக்கணக்கில் என்பதோடு நின்றுவிடுகிறது. மூட்டை தூக்கியவர்கள், மாடு ஓட்டியவர்கள், படையோடு வந்த பெண்கள் கணக்கிலேயே இல்லை. தூணில் பெயர் வர வேண்டுமானால் முதலில் ஏட்டில் பெயர் இருக்க வேண்டும். மைசூர்த் தரப்பிலும் அதே கதை. ஓவியத்தில் தனி முகம் உள்ளவர்கள் தளபதிகள் மட்டுமே.

இரண்டாவது மறுப்பு கொஞ்சம் வலுவானது. செத்த இடத்தில் கல் வைத்துப் பெயர் எழுதுவது ஐரோப்பிய வழக்கம். நம் மரபில் அது இல்லை. ஆகவே புள்ளலூரில் தமிழர் பெயர் இல்லாததைக் குறையாகச் சொல்வது வெளியூர் அளவுகோலால் அளப்பது என்பார்கள். உண்மை நேர் எதிர். கல்லைத் தேர்ந்து, நீராட்டி, நட்டு, படையலிட்டு வாழ்த்துவது வரை நடுகல் வைக்கும் முறையைத் துறை துறையாகத் தொல்காப்பியம் வகுத்திருக்கிறது. மகேந்திரவர்மன் காலத்திலேயே, செங்கம் வட்டாரத்தில், அவன் ஆட்சியாண்டைக் குறிப்பிட்டே எத்தனையோ நடுகற்கள் வைக்கப்பட்டன. அவற்றில் எடுத்தனூர்க் கல் பிரசித்தம். மகேந்திரவர்மனின் 34-ம் ஆட்சியாண்டு. எருமைகளைக் காக்கும் சண்டையில் கருந்தேவக்கத்தி என்பவன் பட்டான். வில்லும் குறுவாளுமாக அவன் உருவம். பக்கத்தில் ஒரு நாய். நாயின் பெயர் கோவிவன், அது கள்ளர் இருவரைக் கடித்துக் காத்து நின்றது என்று கல்லில் தனியாக எழுதியிருக்கிறது. ஒரு மாட்டுச் சண்டையில் நின்ற நாயின் பெயர் ஆயிரத்து நானூறு ஆண்டு கழித்து நமக்குத் தெரிகிறது. அதே அரசன் புள்ளலூரில் வென்ற பெரும்போரில் விழுந்த ஒரு மனிதனின் பெயரும் தெரியாது.

இந்த வேறுபாடு மரபு இல்லாததால் வந்ததன்று. எடுத்தனூர்ச் சண்டை ஊர்ச் சண்டை. செத்தவன் யார், எதற்காகச் செத்தான், எதைக் காத்தான் என்று ஊருக்குத் தெரியும். கல்லும் ஊர்க்காரர் கையில். புள்ளலூரில் மூன்று முறையும் வெளியிலிருந்து வந்தவர்கள் வெளியிலிருந்து வந்தவர்களோடு மோதினார்கள். செத்த சிப்பாயின் ஊர் எங்கோ இருந்தது. அவன் சம்பளத்துக்குப் போனவன். அவன் காத்த எருமை எதுவும் புள்ளலூரில் இல்லை. பெருஞ்சேனைகளின் போர் வளர வளர, வீரனுக்கும் அவன் விழுந்த மண்ணுக்கும் இருந்த உறவு அறுந்தது. நினைவு அரசனிடம் போய்ச் சேர்ந்தது. வடிவத்தை மட்டும் பார்த்தால் பிரவுனின் தூணும் ஹிஸ்லாப்பின் தூணும் நடுகல்லுக்கு நெருக்கமானவைதான்: விழுந்த ஆள், விழுந்த நாள், விழுந்த இடம். அவை நிற்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. இடிக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் எதிர்ப்பேன். புள்ளலூரில் போர் நடந்தது என்பதற்கு மண்ணின்மேல் நிற்கும் சாட்சி அவைதான்.

அப்படியானால் இப்போது ஒரு பெரிய நினைவிடம் கட்டினால் என்ன என்று கேட்கலாம். மகேந்திரனுக்கு ஒன்று, திப்புவுக்கு ஒன்று. கேள்வி நியாயமாகத் தோன்றினாலும், அது கல் நடுபவர் பட்டியலில் இன்னொரு அரசைச் சேர்ப்பதாகவே முடியும். திப்புவுக்குச் சிலை வைத்தால், அந்த 1780-ல் அவர் தந்தையின் குதிரைப்படை சென்னையைச் சுற்றியிருந்த ஊர்களைக் கொளுத்தி, மக்களையும் மாட்டையும் ஓட்டிக்கொண்டு போனதை எங்கே எழுதுவது? எட்மண்ட் பர்க் 1785-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் ஆர்க்காட்டு நவாபின் கடன்களைப் பற்றிப் பேசியபோது வர்ணித்தது அந்த அழிவைத்தான். பர்க்கின் நோக்கம் கும்பெனி ஆட்களின் ஊழலைத் தாக்குவது, அதனால் வர்ணனையில் மிகை உண்டு என்று தள்ளுபடி செய்ய இடமுண்டு. ஆனால் பேச்சுத்திறன் எதுவும் இல்லாத சாட்சி ஒன்றும் இருக்கிறது: வரிக் கணக்கு. 1767-க்கும் 1774-க்கும் இடையில் தாமஸ் பர்னார்ட் செங்கல்பட்டு ஜாகீரின் சுமார் இரண்டாயிரம் ஊர்களை அளந்தார். ஊர்க் கணக்குப்பிள்ளைகள் ஓலையில் எழுதிய விவரங்களில் வீடு எத்தனை, ஏரி எத்தனை, யாருக்கு எவ்வளவு மானியம் என்பதுவரை இருக்கிறது. போர்களுக்குப் பிறகு 1794-ல் கலெக்டராக வந்த லயோனல் பிளேஸ் 1799-ல் எழுதிய அறிக்கை, ஆள் போய்விட்ட ஊர்களையும் கவனிப்பாரற்றுப் போன ஏரிகளையும் வைத்துக்கொண்டு சாகுபடியை எப்படித் திரும்பத் தொடங்குவது என்று மல்லாடுகிறது. ஒரு போரின் முன்னும் பின்னும் இவ்வளவு நுணுக்கமாகப் பதிவான வட்டாரம் நம் நாட்டில் அதிகம் இல்லை. அதைப் படிக்கப் புள்ளலூருக்குப் போக வேண்டியதில்லை. ஆனால் படித்துவிட்டுப் போனால், ஏரிக்கரை படைத்தலைவனின் மறைவிடமாக மட்டும் தெரியாது.

பிளேஸ் துரை ஏரிகளைச் செப்பனிடுவதில் உண்மையான அக்கறை காட்டினார். மதுராந்தகம் ஏரிக்கரை உடையாமல் ராமரே காத்து நின்றதை அவர் கண்டார் என்ற கதை ஏரிகாத்த ராமர் கோயிலில் இன்றும் சொல்லப்படுகிறது. தாயார் சன்னிதித் திருப்பணி கும்பெனி ஜாகீர் கலெக்டர் பிளேஸ் துரையின் தர்மம் என்று அங்கே கல்லில் வெட்டியிருக்கிறார்கள். இந்த வட்டாரத்தில் வெள்ளைக்காரப் பெயர் தாங்கிய கற்களில் மக்கள் நாள்தோறும் நின்று படிப்பது இதுவாகத்தான் இருக்கும். அதிலும் துரையின் பெயர் இருக்கிறது. மண் வெட்டிக் கரை போட்டவர்கள் யாரென்று அந்தக் கல்லும் சொல்லவில்லை.